காட்சித் தொட்டியில் ஏதோ சரியில்லை: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

கொழும்பில் வளர்ந்த நம்மில் பலர் கண்ணாடிக்குப் பின்னால் நீந்தும் மீனை முதன்முதலில் பார்த்தது தெஹிவளை மிருகக்காட்சிசாலையில்தான். இப்போது பாடசாலை, ஹோட்டல், அலுவலக முன்கூடம் என்று பல இடங்களில் நன்னீர் மீன் தொட்டியும் ஆமைக் குளமும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் இந்த வேலைக்குப் புதிதான ஒருவர் தலையில்தான் விழுகிறது. இது அவருக்காக எழுதியது.

மீன் ஒன்று ஒதுங்கி நின்றால் உடனே மருந்துப் போத்தலைத் தேடுகிறோம். வேண்டாம். முதலில் இரண்டு கேள்விகள். எல்லா உயிரும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டிருக்கிறதா, ஒன்றொன்றாக விழுகிறதா? அது எந்த நேரத்தில் தெரிந்தது? எல்லாம் சேர்ந்து துவண்டால் தண்ணீர், காற்று, கரண்ட் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று பிழை. ஒன்றொன்றாக, நாள் கணக்கில் நகர்ந்தால் நோயைச் சந்தேகிக்கலாம். மருந்து இரண்டாவது வகைக்கு மட்டும்தான். முதல் வகைக்கு மருந்து ஊற்றினால் இருக்கிற ஒட்சிசனும் குறையும், ஃபில்டரில் வாழ்ந்து மீன் கழிவின் நஞ்சை உடைக்கும் பக்டீரியாவும் சாகும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன

ஒட்சிசன் குறைவு. 25 பாகை செல்சியஸ் தண்ணீர் ஒரு லீற்றருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். குளிரூட்டாத கொழும்புத் தொட்டி ஆண்டு முழுவதும் அந்த 30ஐ ஒட்டியே இருக்கிறது. பகலில் ஒட்சிசன் தந்த செடியும் பாசியும் இரவில் மீனோடு போட்டிபோட்டு அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே மிக மோசமான நேரம் விடிவதற்குச் சற்று முன்புதான். பத்து மணிக்கு நீங்கள் வேலைக்கு வரும்போது எல்லாம் சரியாகியிருக்கும். "காலையில் காவலாளி பார்த்தாராம், இப்போது ஒன்றுமில்லையே" என்று அதைத் தட்டிவிடாதீர்கள். அந்தக் காவலாளியின் வார்த்தைதான் உங்களிடம் இருக்கும் மிக நல்ல தடயம்.

அன்றைய தீனியை நிறுத்துங்கள். பம்பின் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பித் தண்ணீரைக் குலுங்க விடுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் கடதாசியால் வழித்தெடுங்கள். இரவு முழுவதும் ஏர் பம்ப் ஓட வேண்டும்.

எந்த மீன் வாயைப் பிளக்கிறது என்பதையும் கவனியுங்கள். விரால், பனையேறி, சுங்கான், ராட்சத குராமி, அரபைமா போன்றவை காற்றை நேராக உள்ளிழுப்பவை. அரபைமா சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து சத்தத்தோடு மூச்செடுப்பது அதன் இயல்பு. பார்வையாளர்கள் பதறிப்போய் உங்களிடம் ஓடி வருவார்கள், நீங்கள் பதற வேண்டாம். ஆனால் இதே மீன்கள் உங்களை ஏமாற்றவும் செய்யும். தண்ணீரில் ஒட்சிசன் அற்றுப்போனாலும் அவை சும்மா இருக்கும், அதற்குள் செவுளால் மட்டும் மூச்செடுக்கும் பார்ப் மீன்கள் செத்துவிடும். கலந்து வைத்த தொட்டியில் எப்போதும் பார்பைப் பாருங்கள். இன்னொன்று, விரால் இருக்கும் தொட்டியின் மேற்பரப்பை மிதக்கும் செடியாலோ தண்ணீரைத் தொடும் மூடியாலோ முழுக்க அடைக்கக் கூடாது. மேலே வர வழியில்லாவிட்டால் அது மூச்சடைத்துச் சாகும்.

கரண்ட் வந்த பிறகு மீன் சாகிறது

போனபோது சாகவில்லை, வந்த பிறகுதான் சாகிறது. இது பலருக்குப் புதிராக இருக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் உள்ளிருக்கும் பக்டீரியா சில மணித்தியாலத்தில் ஒட்சிசனைத் தீர்த்துவிடும். பிறகு அது அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் பம்ப் தானாக ஓடி, அந்த அழுகலை அப்படியே தொட்டிக்குள் தள்ளும்.

நீண்ட வெட்டுக்குப் பின் ஃபில்டரைத் திறந்து மூக்கால் பாருங்கள். கூழ்முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே கொட்டுங்கள். ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு மட்டும் இணையுங்கள். வெட்டு தொடரும் காலத்தில் பற்றரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று தொட்டிக்கு ஒன்றாவது இருக்கட்டும். ஜெனரேற்றர் உள்ள இடங்களில் தொட்டிகளின் இணைப்பு அந்த வரிசையில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். விளக்குகளும் குளிரூட்டியும் அதில் இருக்கும், மீன் தொட்டி பெரும்பாலும் இருக்காது.

பகல் முழுவதும் மூச்சு வாங்குகிறது, காற்று நன்றாக ஓடியும் குறையவில்லை

செத்த மீன் ஒன்றை எடுத்துச் செவுள் மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள். புதிதாகச் செத்த மீனின் செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். பழைய இரத்தம் போலக் கபில நிறமாக இருந்தால் நைட்ரைட் நஞ்சு, அதாவது பக்டீரியா மீன் கழிவை முழுதாக உடைக்காதபோது தண்ணீரில் தேங்குவது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிட்டது, அதனால்தான் காற்று கொடுத்தும் பயனில்லை.

பத்தில் எட்டு முறை இதன் பின்னால் ஒரே கதைதான் இருக்கும்: யாரோ ஃபில்டரை "நன்றாகச் சுத்தம்" செய்திருப்பார். ஒரு பாடசாலைத் தொட்டியில் விடுமுறை முடிந்து வந்தவர்கள் ஸ்பொஞ்ச், செரமிக் வளையம் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை கழுவி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். குளோரின் பட்டு பக்டீரியா அத்தனையும் போய்விட்டது, அந்த வாரமே மீன்கள் மேலே வந்துவிட்டன.

லீற்றருக்கு 1 கிராம் கல்லுப்பு, அதாவது 1000 லீற்றருக்கு 1 கிலோ, கரைத்து மெதுவாக விடுங்கள். உப்பில் உள்ள குளோரைட்டு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். தீனியை நிறுத்துங்கள். வேறொரு ஆரோக்கியமான தொட்டியின் ஃபில்டரிலிருந்து அழுக்குப் பிடித்த ஸ்பொஞ்ச் ஒன்றைக் கொண்டுவந்து வையுங்கள். இனிமேல் ஒரு தடவைக்கு ஃபில்டரின் ஒரு பகுதியை மட்டும் அலசுங்கள், அதுவும் தொட்டித் தண்ணீரில்.

தண்ணீர் மாற்றிய பிறகு சாகிறது

ஒரு மணித்தியாலத்துக்குள் மீன்கள் வெட்டி வெட்டி நீந்திச் செத்தால் குளோரின். கடையில் அன்ரி குளோரின் என்று கேட்டால் தரும் சோடியம் தயோசல்பேற்றைத் தண்ணீர் விடுவதற்கு முன்பே கலக்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

அடுத்த நாள் செத்தால் விஷயம் வேறு. கொழும்பில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நமக்கு வரும் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு வருவது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. எல்லாம் மழைநாட்டு மென்னீர். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கிற கேத்திலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். கொழும்புக் கேத்திலில் அந்தப் படிவு கிட்டத்தட்ட இல்லை. குடிப்பதற்கு அது நல்லது. தொட்டிக்கு அந்தச் சுண்ணாம்புதான் காவல். மீனின் கழிவை பக்டீரியா உடைக்கும்போது அமிலம் உருவாகிறது. அதை விழுங்கக் கார்பனேற்று இல்லாத தண்ணீரில் பிஎச் (அமிலம் கூடக் குறையும் எண், 7 நடுநிலை) மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். 6.5க்குக் கீழே பக்டீரியா தளரும், 6க்குக் கீழே ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா ஏறத் தொடங்கும்.

ஆனாலும் மீன் சாகாது. அமோனியா இரண்டு வடிவில் இருக்கிறது, நஞ்சு ஒன்றில்தான். பிஎச் 6 தண்ணீரில் நஞ்சு வடிவம் மிக மிகக் குறைவு. 28 பாகை வெப்பத்தில் பிஎச் 7இல் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு, 8இல் 6 அல்லது 7, 9இல் 40ஐத் தாண்டும். பிஎச் ஒரு படி ஏற, நஞ்சு ஆறு முதல் பத்து மடங்கு வரை கூடுகிறது. டெஸ்ட் கிட் இரண்டையும் கூட்டித்தான் காட்டும்.

இப்போது திங்கட்கிழமை ஒருவர் வருகிறார், தொட்டி மங்கலாக இருக்கிறது என்று பாதித் தண்ணீரை மாற்றுகிறார். புதுத் தண்ணீரின் பிஎச் 7க்கு மேல். இன்னும் ஒருபடி போய், பிஎச் குறைவு என்று அப்பச்சோடாவையும் கொட்டுகிறார். பாதுகாப்பாக இருந்த அமோனியாவின் ஒரு பகுதி சில மணித்தியாலத்தில் நஞ்சாகிறது. மறுநாள் காலை மீன்கள் மிதக்கும். அவர் செய்தது எல்லாம் அக்கறையோடு செய்ததுதான்.

எனவே நீண்ட நாள் கவனிக்காத தொட்டியில் கை வைக்கும் முன் பிஎச்சையும் அமோனியாவையும் அளந்து பாருங்கள். பிஎச் 6ஐ ஒட்டி, அமோனியாவும் தெரிந்தால், ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். தீனியை வெகுவாகக் குறையுங்கள். ஃபில்டரில் சியோலைட் என்ற கனிமக் கல் ஒரு பை வைத்தால் அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் உப்புப் போட்ட தண்ணீரில் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடும். அமோனியா காணாமல் போன பிறகுதான் அப்பச்சோடா: 100 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 6 கிராம், கார்பனேற்றுக் கடினத்தன்மையை 2 பாகை (இது வெப்பப் பாகை அல்ல, டெஸ்ட் கிட்டில் dKH என்று இருக்கும்) உயர்த்தும். அதையும் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். நிரந்தரத் தீர்வுக்குச் சிப்பித் துகளை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள், தேவைக்கேற்ப அது கரையும்.

நமது சொந்த மீன்கள் மட்டும் உள்ள தொட்டியில் பிஎச் குறைவாக இருப்பது குற்றமே இல்லை. 1929இல் விலங்கியலாளர் தெரணியகல விவரித்த செரி பார்ப், 1937இல் அவர் விவரித்த மல்புலுட்டா இரண்டும் தென்மேற்கின் நிழல் ஓடைகளில் அமிலச் சாயல் உள்ள தண்ணீரிலேயே பிறந்து வளர்பவை. அவற்றின் தொட்டியில் எண்ணைத் துரத்தாதீர்கள். அமோனியா பூச்சியமா, பிஎச் நிலையாக நிற்கிறதா, அது போதும். மல்புலுட்டாவுக்கு இறுக்கமான மூடி அவசியம், அந்தச் சின்ன மீன் துள்ளி வெளியே வந்துவிடும்.

தண்ணீர் கலங்கல்

வெள்ளை மங்கல் புதுத் தொட்டியிலும் தீனி அதிகமான தொட்டியிலும் வரும். பொறுமையாக இருங்கள், தீனியைக் குறையுங்கள். பச்சை என்றால் வெளிச்சம் அதிகம், பெரும்பாலும் பக்கத்து ஜன்னல் வெயில். தேயிலைச் சாயம் போலத் தெளிந்த கபிலம் மரக்கட்டையிலிருந்தும் காய்ந்த இலையிலிருந்தும் வருவது. அது நமது ஓடை மீன்களுக்கு நல்லது. மேலாளருக்குப் பிடிக்காவிட்டால் பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வையுங்கள், கார்பன் போட்டு உறிஞ்சாதீர்கள்.

உடம்பில் வெள்ளை

சீனியைத் தூவியது போலத் தனித்தனிப் புள்ளியா, பஞ்சு போலப் படலமா? இதைப் பிரிக்காமல் எதையும் செய்யக் கூடாது, ஏனெனில் இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர்.

புள்ளி என்றால் இக் ஒட்டுண்ணி. சூடு ஏற, அதன் வாழ்க்கைச் சுற்று விரைவாகும், 30 பாகைக்கு மேல் அதனால் பெருக முடியாது. கொழும்பில் இது பெரும்பாலும் குளிரூட்டிய கூடத்துத் தொட்டிகளிலும், புதிதாக வந்த மீன்களிலும்தான் தலைகாட்டும். சூட்டை மெல்ல 30க்கு உயர்த்தி, காற்றைக் கூட்டி, லீற்றருக்கு 2 கிராம் உப்பு. புள்ளி மறைந்த பிறகும் பத்து நாட்களுக்குத் தொடருங்கள். மீனில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது, தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும்.

படலம் என்றால், வாயோரத்திலும் முதுகின் குறுக்கே சேணம் வைத்தது போலவும் வெள்ளை சாம்பலாகப் படர்ந்திருந்தால், பார்ப்பதற்குப் பூஞ்சணம் போலவே இருக்கும். சூடான தண்ணீரில் வேகமாகப் பரவுகிறது என்றால் அது கொலம்னாரிஸ் பக்டீரியா. இங்கே சூட்டை ஏற்றினால் ஓரிரு நாளில் தொட்டியே காலியாகும். சூட்டைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், அடியில் உள்ள கழிவை உறிஞ்சுங்கள், நோயுற்றதைப் பிரித்து வையுங்கள், மிருக வைத்தியரிடம் பேசுங்கள்.

மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் டோர்ச் அடித்துப் பாருங்கள். தட்டையான, கண்ணாடி போன்ற பொட்டு நகர்ந்தால் மீன் பேன். நூல் போலத் தொங்கினால் நங்கூரப் புழு.

ஆமையின் கண் வீங்கி மூடியிருக்கிறது

காரணம் இரண்டில் ஒன்று: அழுக்குத் தண்ணீர் அல்லது விற்றமின் ஏ குறைவு. பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். வெறும் இறால் தூளும் மீன் சதைத் துண்டும் தின்று வளரும் ஆமைக்கு இது வரும். கறுப்பாமைக்குக் கங்குன், பொன்னாங்காணி, கரட் எல்லாம் கொடுக்கலாம். மீனைக் கொடுத்தால் ஈரலோடு முழுசாகக் கொடுங்கள். விற்றமின் ஊசியைக் கையால் போடும் பழக்கம் ஆபத்து. அளவு கூடினால் ஆமையின் தோல் உரிந்து புண்ணாகும். அதை மிருக வைத்தியரிடம் விடுங்கள்.

ஓடு அழுத்தினால் நெளிகிறதா? கல்சியமும் யூவிபி ஒளியும் (வெயிலில் உள்ள ஒரு வகைப் புறஊதாக் கதிர்) போதவில்லை. யூவிபி குழல் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் யூவிபி தீர்ந்துவிடும். 6 முதல் 12 மாதத்தில் மாற்ற வேண்டும், மாற்றிய திகதியைக் குழலிலேயே எழுதி ஒட்டுங்கள். கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், கண்ணாடிக் கூரை வழியாக வரும் வெயிலை நம்ப வேண்டாம். முடிந்தால் காலை வெயிலில் நேராகக் காய விடுங்கள், பக்கத்தில் நிழலும் இருக்க வேண்டும். ஆனால் பாலாமையின் ஓட்டு விளிம்பு இயற்கையிலேயே தோல் போல மென்மையானது. அதைப் பார்த்துக் கல்சியம் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். அதற்குப் புதைந்துகொள்ள மணல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது, முங்க முயன்றும் முடியவில்லை, மூக்கில் குமிழி வருகிறது. இது நிமோனியாவாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. சாயும் பக்கத்து நுரையீரலில் சளி நிறைந்திருக்கும். ஆழமில்லாத, 29, 30 பாகையுள்ள தண்ணீரில் தனியாக வைத்து அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். குளிரூட்டியின் காற்று நேராக விழும் இடத்தில் ஆமைத் தொட்டியை வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

முதலை சாப்பிடவில்லை, அசையவில்லை, வாயைத் திறந்தபடி கிடக்கிறது

கரையில் வாயைத் திறந்து கிடப்பது சூட்டைச் சமன்செய்ய, நோயல்ல. விழுந்த பல் புதிதாக முளைக்கும், அதற்கும் கவலை வேண்டாம். அடைமழைக்காலத்தில் நாள்கணக்கில் வெயில் இல்லாவிட்டால் பசி குறையும், வளர்ந்த முதலை வாரக்கணக்கில் தின்னாமல் இருக்க முடியும்.

கவலைப்பட வேண்டியது நடுக்கம், தள்ளாட்டம், தலையை நிமிர்த்த முடியாமை. இவை இருந்தால் தீனியைப் பாருங்கள். பல மாதமாக ஃபிரீசரில் கிடந்த மீன் மட்டும் கொடுத்தால், சில வகை மீனில் உள்ள தயாமினேஸ் என்ற நொதியம் விற்றமின் பி1ஐ அழித்துவிடும். கெட்டுப்போன மீன் கொழுப்பு விற்றமின் ஈயைத் தின்றுவிடும். முழுக்கோழி போன்றவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். குளத்தை வற்றவைக்கும்போது அடியில் நாணயம் கிடக்கிறதா என்றும் பாருங்கள். நேர்த்தி வைத்து வீசுகிறார்கள், விழுங்கப்பட்டால் வயிற்றில் கிடந்து உலோகம் கரையும். முதலை உள்ள இடத்துக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது, எவ்வளவு பழகிய முதலையாக இருந்தாலும்.

வெங்கிணாந்தி சட்டையைத் துண்டு துண்டாக உரிக்கிறது

கொழும்பின் ஈரக்காற்றில் இது நடக்கவே கூடாது. நடந்தால் குளிரூட்டிதான் முதல் சந்தேகம், அடுத்தது உண்ணி. தண்ணீர்த் தொட்டி பாம்பு முழுதாகச் சுருண்டு கிடக்கும் அளவு பெரிதாக இருக்கட்டும். கண்ணில் ஒட்டிய தோலை நகத்தால் கிள்ளி எடுக்காதீர்கள்.

போயா விடுமுறைக்கு அடுத்த நாள் மீன்கள் வெளிறி ஒளிந்திருக்கின்றன

தண்ணீர் சோதனையில் ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் நெற்றி மட்டத்திலும் குழந்தைகளின் கை மட்டத்திலும் உள்ள விரல் அடையாளங்களைப் பாருங்கள், எவ்வளவு தட்டியிருக்கிறார்கள் என்று புரியும். கண்ணாடிக்கு முன்னால் முழங்கை தூரத்தில் ஒரு கம்பி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இரவு கூடத்து விளக்கை ஒரேயடியாக அணைப்பதும் காலையில் ஒரேயடியாகப் போடுவதும் அரவானா மீனைத் துள்ளவைத்து மூடியில் மோதச் செய்யும். முதலில் கூடத்து விளக்கு, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது மாறி.

போன வாரம் இல்லாத ஓர் உயிர் குளத்தில் இருக்கிறது

திறந்த குளங்களில் இது அடிக்கடி நடக்கும். வீட்டில் வளர்ந்து பெரிதான சிவப்புக் காது ஆமையையோ, கத்தி மீனையோ, தொட்டி துடைப்பான் மீனையோ யாரோ பையில் கொண்டுவந்து விட்டுப்போயிருப்பார். அதோடு பேனும் புழுவும் வந்திருக்கும். உடனே பிடித்து நான்கு வாரமாவது தனியாக வையுங்கள், வலையையும் வாளியையும் பொதுவாகப் பாவிக்காதீர்கள். ஆமையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சல்மொனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி அதில் இருக்கலாம்.

வேண்டாம் என்று வெளியே விடவும் கூடாது. கத்தி மீன் ஏற்கெனவே பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலத்தில் புகுந்து நமது சின்ன மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. யாராவது நேரில் கொண்டுவந்து கேட்டால் திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பினால் போகிற வழியில் தியவன்னா ஓயாவில் போட்டுவிடுவார். வாங்கி வைக்க ஒரு தனித்தொட்டி இருக்கட்டும், முட்டையிட்டால் எடுத்துவிடுங்கள். கொண்டுவந்தது கறுப்பாமையோ பாலாமையோ என்றால் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அன்றே அறிவியுங்கள்.